இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுக்காதா?



இந்த முறை நான் எழுதுவது ஒரு கடன் பாக்கி. ஒரு அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அன்றைக்கே சொல்லாமல் விட்டேன். அதை இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

2022-ஆம் ஆண்டு, சம்பளம் போட்ட வாரம். எங்கள் தோட்ட மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் மைலோவும் கறிபாப்பும் இலவசம். டை கட்டிய ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி, உள்ளே கறுப்புத் திரவம். ஒரு காந்தத்தைப் புட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தத் திரவம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றது! "உங்கள் இரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. காந்த மெத்தையில் படுத்தால் உங்கள் இரத்தமும் இப்படித்தான் எழுந்து ஓடும். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கால் மரத்துப்போவது எல்லாம் ஓடிப்போகும்" என்றார். மெத்தை விலை 3,600 வெள்ளி. மாதம் 150 வெள்ளி, 24 தவணை.

மறுநாள் காலையில் பெரட்டு முடிந்த நேரம், கிளினிக்கில் நல்ல கூட்டம். முப்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு அக்கா வந்து நின்றார். அவருக்கு இனிப்பு நீர். பாதம் இரண்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று அடிக்கடி சொல்வார். "ஏன் டிரெசர் தம்பி, என் மருமக பிள்ளத்தாச்சியா இருந்தப்ப இரும்பு மாத்திரை குடுத்து, ரத்தத்துல இரும்பு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப காந்தம் இழுக்கத்தானே செய்யும்?"

கேள்வி சரியான கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை. "அதெல்லாம் ஏமாத்து வேலைக்கா, வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். காரணம் சொல்லாமல் 'வாங்காதே' என்றால் யார் கேட்பார்கள்? மெத்தை வாங்கினார். அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

இரத்தம் தண்ணீர் மாதிரி அல்ல. நீங்கள் தினமும் கையாண்ட பாலை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் என்பது நீரில் கோடிக்கணக்கான ரப்பர்த் துகள்கள் மிதக்கும் கலவை. நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு ரப்பர்; மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இரத்தமும் அதே கதைதான். நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தைந்து பங்கு சிவப்பு அணுக்கள். மிச்சத்தில் பெரும்பகுதி மஞ்சள் நீர். தண்ணீரும் சமையல் எண்ணெயும் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அவற்றின் கெட்டித்தன்மை மாறாது. இந்த விதியைச் சொன்னவர் நியூட்டன். இரத்தம் இந்த விதிக்குக் கட்டுப்படாது. வேகமாக ஓடும்போது அது தண்ணீரைப் போல மூன்று நான்கு மடங்குதான் கெட்டி. ஓட்டம் மந்தமானால் சிவப்பு அணுக்கள் காசு அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், இரத்தம் பல மடங்கு கெட்டியாகும். மறுபடி வேகம் பிடித்தால் அடுக்கு கலைந்து இளகிவிடும். சில்லி சாஸ் போத்தலைக் கவிழ்த்தால் வராது, குலுக்கினால் கொட்டுகிறதே, அந்த வகை.

அது ஓடும் வழியும் சாதாரணக் குழாய் அல்ல. பெரிய இரத்தக் குழாய்கள் ஆற்று வாய்க்கால் என்றால், கடைசியில் வரும் தந்துகிகள் மண்ணில் உள்ள துளைகள். ஒரு சிவப்பு அணு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அகலம். தந்துகி சில இடங்களில் ஐந்து பங்குதான். அணு உடம்பை மடக்கி, நசுங்கி, வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். மண்ணீரலில் அதைவிடக் குறுகிய சந்துகள் இருக்கின்றன. விறைத்துப்போன கிழட்டு அணு அங்கே மாட்டிக்கொள்ளும், உடம்பு அதைத் தின்றுவிடும். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் மணல் வடிகட்டி பார்த்திருப்பீர்கள். மணல் வழியே தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்ற கணக்கை 1856-இல் வெளியிட்டவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு இன்ஜினியர். டிஜான் என்ற தம் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். இன்று தசை, ஈரல் வழியே இரத்தம் ஊறிப் போவதைக் கணக்குப் போடுகிறவர்களும் அவருடைய கணக்கில்தான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு கணக்கும் பிரெஞ்சுக்காரர் போட்டதுதான். புவாசெய் என்பவர் ஒரு டாக்டர். 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டுப் பார்த்தார். குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும்! கொழுப்பு படிந்து, சிகரெட் புகையில் சுருங்கி, குழாய் கொஞ்சம் குறுகினாலே கால் விரலுக்கு இரத்தம் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம்.

ஒரு ஆளின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு மூன்று நான்கு கிராம்தான். ஒரு சின்ன ஆணி அளவு. அதில் பெரும்பங்கு இரத்தத்தில், ஹீமோகுளோபின் என்ற பொருளுக்குள் இருக்கிறது. ஆனால் ஆணியில் இரும்பு இருக்கும் விதம் வேறு, இரத்தத்தில் இருக்கும் விதம் வேறு. ஆணியில் கணக்கில்லாத இரும்பு அணுக்கள் தோளோடு தோள் நின்று, காந்தம் வந்ததும் ஒரே திசையில் திரும்புகின்றன. அதனால்தான் அந்த இழுப்பு. ஹீமோகுளோபினில் ஒரு மூலக்கூறுக்கு நாலே நாலு இரும்பு அணுக்கள். அவையும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டு, ஒன்றுக்கொன்று கை எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஒற்றுமை இல்லாத இடத்தில் பலம் ஏது? சங்கத்தில் இருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மைக்கேல் பாரடே என்ற ஆங்கில மேதை 1845-லேயே உலர்ந்த இரத்தத்தைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அது இழுபடவில்லை. 1936-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்ல்ஸ் கோரியல் என்ற இருவர் இன்னும் நுட்பமாகச் சோதித்தார்கள். ஆக்சிஜன் ஏந்திய இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. மிக மிக லேசாகத் தள்ளுகிறது. ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும் இரத்தத்தை மிக லேசாக இழுக்கிறது. போகிற இரத்தத்தைத் தள்ளி, வருகிற இரத்தத்தை இழுக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தேன். என் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, உறையாமல் இருக்கும் மருந்து போட்ட சோதனைக் குழாயில் விட்டு, காந்தத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் குனிந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு சொட்டுகூட அசையவில்லை.

அப்படியானால் அந்தப் புட்டியில் சிலிர்த்தது என்ன? அது இரத்தமே அல்ல. இரும்பு ஆக்சைடைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி எண்ணெயில் கலந்த திரவம். 1963-இல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டீபன் பாப்பெல் என்பவர் ராக்கெட் எரிபொருளுக்காக இந்த மாதிரித் திரவத்தை உண்டாக்கினார். இன்று ஸ்பீக்கருக்குள்ளும் அதை ஊற்றுகிறார்கள். அருமையான பொருள்தான், ஆனால் யாருடைய நரம்பிலும் அது ஓடவில்லை.

'காந்தத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறாயா?' என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். சம்பந்தம் உண்டு. எவ்வளவு பலமான காந்தம், எந்தத் திசையில், எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் விஷயம்.

காந்தத்தின் பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். பூமியின் காந்தம் ஒரு டெஸ்லாவில் லட்சத்தில் நாலைந்து பங்குதான். பெரிய ஆஸ்பத்திரியில் குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுக்கிறார்களே, எம்.ஆர்.ஐ., அதில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. கட்டிலையும் ஆக்சிஜன் சிலிண்டரையுமே இழுத்துப் போட்டுவிடும் பலம்! அதற்குள் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு வருகிறவரின் இரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்குவதில்லை, உடம்பு சிவப்பதில்லை. உள்ளே இருக்கும்போது இ.சி.ஜி. எடுத்தால் மட்டும் கோடு கொஞ்சம் கோணலாக வரும். காரணம், இரத்தத்தில் உப்பு இருக்கிறது. உப்புக் கரைந்த நீர் காந்தத்தின் குறுக்கே ஓடினால் ஒரு சின்ன மின்சாரம் உண்டாகும். இதே பாரடே 1832-இல் லண்டனில் வாட்டர்லூ பாலத்தில் நின்று, தேம்ஸ் ஆறு பூமிக் காந்தத்தைக் கடந்து ஓடும்போது மின்சாரம் வருகிறதா என்று கம்பி போட்டு அளக்கப் பார்த்தார். ஆற்றில் சரியாக அளக்க முடியவில்லை. 1936-இல் அலெக்சாண்டர் கோலின் என்பவர் இதே தத்துவத்தில் இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியைச் செய்தார். காந்தம் இங்கே வேகத்தை அளக்கிறது, அவ்வளவுதான், யாரையும் குணமாக்கவில்லை.

அந்த மின்சாரம் ஓட்டத்துக்கு ஒரு பிரேக் மாதிரியும் வேலை செய்யும். ஆனால் பாதரசம் போன்ற உலோகத் திரவத்தில்தான் அந்தப் பிரேக் நன்றாகப் பிடிக்கும். மின்சாரம் கடத்துவதில் பாதரசத்தோடு பார்த்தால் இரத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

2001-இல் சில ஆராய்ச்சியாளர்கள் மனித இரத்தத்தைக் குழாயில் விட்டு 10 டெஸ்லா காந்தத்துக்குள் வைத்தார்கள். ஓட்டம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. ஆமாம், கூடவில்லை, குறைந்தது! 2011-இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ரோங்ஜியா டாவ் என்ற பௌதிகப் பேராசிரியர் 1.3 டெஸ்லா காந்தத்தை இரத்தம் ஓடும் திசையிலேயே ஒரு நிமிடம் போலப் பிடித்தார். சிவப்பு அணுக்கள் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு குழாயின் நடுவில் ஓடியதால் இரத்தத்தின் கெட்டித்தன்மை இருபது முப்பது விழுக்காடு குறைந்தது. மெத்தைக்காரர்கள் இந்தச் செய்தியைத்தான் கத்தரித்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அது ஆய்வுக்கூடத்துக் குழாயில் ஓடிய இரத்தம் என்பதையும், எம்.ஆர்.ஐ. அளவு காந்தம் என்பதையும், திசை மாறினால் பலனும் மாறும் என்பதையும் சொல்வதில்லை. மெத்தையில் புரண்டு படுக்கிறவருக்கு எந்த நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மெத்தைக்கு எப்படித் தெரியும்?

மெத்தைக் காந்தம் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்க மெஷின் வேண்டாம். வீட்டில் காந்தப் பொருள் வைத்திருப்பவர்கள் ஒரு காகிதக் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். கிளிப் நிற்கிறதா? இரண்டு நோட்டு, மூன்று நோட்டு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே கிளிப் விழுகிறதோ அங்கே அதன் பலம் ஏறக்குறைய முடிந்தது. அதற்கு மேலே விரிப்பு, கைலி, தோல், கொழுப்பு எல்லாம் தாண்டித்தானே இரத்தம் இருக்கிறது?

இரத்தத்தைக் காந்தம் உண்மையாகவே பிடித்து நிறுத்தும் ஒரு இடமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். 1975-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் மெல்வில், பால், ரோத் என்ற மூவர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியை ஒரு குழாயில் அடைத்தார்கள். அதைப் பலமான காந்தத்துக்குள் வைத்து, ஆக்சிஜன் நீக்கிய இரத்தத்தை அதன் வழியே மெதுவாக விட்டார்கள். ஒவ்வொரு கம்பியின் ஓரத்திலும் காந்த இழுப்பு செங்குத்தாக ஏறி இறங்கும். சிவப்பு அணுக்கள் அங்கே போய் ஒட்டின! காந்தத்தை நிறுத்தியதும் விடுபட்டன. 1981-இல் இதே முறையால் மலேரியாக் கிருமி புகுந்த அணுக்களையும் பிரித்தெடுத்தார்கள். ஏன் முடிந்தது? மலேரியாக் கிருமி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு, மிஞ்சும் இரும்பைப் பழுப்புப் பொடியாகக் குவித்து வைக்கிறது. அந்தப் பொடியைக் காந்தம் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். நல்ல அணு கம்பியைத் தாண்டி ஓடிவிடும், கிருமி உள்ள அணு மாட்டிக்கொள்ளும். இன்றும் மலேரியா ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். தோட்டங்களில் மலேரியா வாரிக்கொண்டுபோன காலத்தை நம் பாட்டன் பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் நாம். 2018 முதல் மலேசியாவில் மனிதர்களுக்குள் பரவும் மலேரியா உள்ளூரில் தொற்றுவது நின்றுவிட்டது. காட்டுக் குரங்கிலிருந்து கொசு மூலம் வரும் மலேரியா மட்டும் நிற்கவில்லை. காட்டோரப் பிளாக்கில் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் இரத்தம் சோதிக்காமல் இருக்கக் கூடாது.

பாருங்கள், அதற்கே எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது! பலமான காந்தம், நுண்ணிய கம்பி, மெதுவான ஓட்டம்.

சரி, 'தத்துவம் கிடக்கட்டும், வலி குறைகிறதே' என்பார்கள் சிலர். அதையும் சோதித்திருக்கிறார்கள். குதிகால் வலி உள்ள 101 பேரில் பாதிப் பேருக்குக் காந்தம் வைத்த உள்பாதத்தையும், பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று உள்பாதத்தையும் எட்டு வாரம் போடச் சொன்னார்கள். 2003-இல் முடிவு வந்தது: இரு பக்கத்திலும் வலி ஒரே மாதிரி குறைந்திருந்தது. வெற்று உள்பாதம் போட்டவர்களுக்கும்தான்! இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குக் காந்தக் கைப்பட்டையும் செம்பு வளையலும் போட்டுப் பார்த்து 2013-இல் வெளியிட்டதிலும், சும்மா போட்ட பட்டைக்கு மேல் பலன் இல்லை. வலி என்பது தானாக ஏறி இறங்கும். நம்பிக்கை வைத்தால் கொஞ்சம் இறங்கியது போலவும் இருக்கும். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். 3,600 வெள்ளிக்கு விற்பதைத்தான் கேட்கிறேன்.

இனி அந்த அக்காவின் கதை. மெத்தை வந்த முதல் மாதம் நல்ல தூக்கம் என்றார். பழைய பலகைக் கட்டிலுக்குப் புது மெத்தை, தூக்கம் வராமல் என்ன செய்யும்? ஆனால் கூட்டம் போட்ட ஆள், "மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாம்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் நிறுத்திவிட்டார், எனக்குத் தெரியாது. இனிப்பு ஏறினால் சிவப்பு அணு விறைக்கும், குறுகிய சந்தில் மடங்கிப் போகாது. பாத நரம்பும் செத்துக்கொண்டே வரும். எறும்பு ஊரும் உணர்ச்சி நின்றுபோனதைக் குணம் என்று நினைத்துவிட்டார். அது குணமல்ல, மரத்துப்போனது. செருப்பில் ஏறிய முள் அவருக்குத் தெரியவில்லை. நாலாவது மாதம் மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வலது காலில் இரண்டு விரல் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்தார்கள்.

வார்டில் பார்க்கப் போனேன். "நீங்க அன்னிக்கே காரணம் சொல்லியிருந்தா..." என்று அவர் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

கால் விரலுக்கு இரத்தம் போக என்ன வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரிகிறது: குழாய் அகலம், அணு மடங்கும் தன்மை, ஓட்டத்தின் வேகம். சிகரெட்டை நிறுத்தினால் குழாய் சுருங்குவது குறையும். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு இனிப்பை இறக்கினால் அணு இளகும். நடந்தால் கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி இரத்தத்தை மேலே தள்ளும். வெயிலில் குலை வெட்டுகிறவர்கள் தண்ணீர் குடிக்காவிட்டால் இரத்தம் கெட்டியாகும். இனிப்பு நீர் உள்ளவர்கள் ராத்திரி படுக்குமுன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்த மெத்தை, காந்த மாலை எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது. அது கருவியின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு தேடி வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்த 1993-இல் போட்ட நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அதில் உண்டு. ஆகவே தாமதிக்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டு சங்கக் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் இவர்கள் பேப்பரில் எழுதாமல் மைக்கில் மட்டும் பேசுகிறார்கள்! நாட்கள் கடந்துவிட்டிருந்தாலும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதும் ஒப்பந்தப் பேப்பரும் முக்கியம். கூட்டத்தில் சொன்னதை யாராவது கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

அந்த அக்காவிடம் ரசீது இல்லை. தவணையை மகன்தான் கட்டிவந்தார்; 2024-இல் கடைசித் தவணையும் முடிந்தது. இப்போது அக்கா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார், மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து இரத்தம் சோதித்துக்கொண்டு போகிறார். போன தடவை வந்தபோது கிளிப்பையும் பேத்தியின் நோட்டையும் கையோடு கொண்டுவந்தார். "நாலு நோட்டுக்கு மேல நிக்கல தம்பி" என்றார்.